பயம் போகவில்லை, இடம் மாறியிருக்கிறது

கேள்வி: எனக்கு வயது 47. கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். இரண்டரை வருடம் முன்பு கால் கட்டைவிரலில் ஒரு சின்னப் புண் வந்து ஆறாமல் இழுத்தது. அப்போதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மூன்று மாத சராசரி 10.4. என் அப்பாவுக்கு இதே வியாதியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. 8 மாதத்தில் 6.8க்கு வந்தது. டாக்டர் கைகொடுத்தார். அதன் பிறகு ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். மாத்திரையும் நின்று பல மாதம் ஆகிறது. ஒரு வருடத்துக்கு மேலாக டெஸ்ட் எடுக்கவில்லை. போன மாதம் வெறும் வயிற்றில் லேப் வாசல் வரை போனேன். உள்ளே போகாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். மனைவி தினமும் அப்பாவின் காலைச் சொல்லித் திட்டுகிறாள். எனக்குப் பழைய பயம் திரும்ப வரவேண்டும். படித்ததும் நடுங்குகிற மாதிரி ஒரு பதில் எழுதுங்கள்.

பதில்:

ஐயா, வணக்கம். நான்கு பக்கம் கையால் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அச்சில் சுருக்கித்தான் போட முடிந்தது. ஆனால் முழுவதையும் மூன்று முறை படித்தேன். மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய சில வரிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நடுங்குகிற மாதிரி எழுதச் சொல்கிறீர்கள். எழுத மாட்டேன். சர்க்கரை நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலை. நடுங்க வைப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதும் தெரியும்.

பயம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அப்படியானால் லேப் வாசலில் வண்டியைத் திருப்பியது யார்? பசி தாங்காமல் திரும்பினேன் என்று நீங்களும் எழுதவில்லை. உள்ளே போனால் ஒரு நம்பர் வரும், அந்த நம்பருக்குப் பின்னால் அப்பாவின் கால் நிற்கும். அதைப் பார்க்க முடியாமல்தான் திரும்பினீர்கள். இரண்டரை வருடம் முன்பு அதே பயம் உங்களுக்குப் பின்னால் நின்று துரத்தியது, நீங்கள் நடந்தீர்கள். இப்போது அது முன்னால் போய் லேப் வாசலில் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் திரும்பி ஓடுகிறீர்கள். பயத்துக்கு 'இங்கிருந்து போ' என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். எங்கே போகவேண்டும் என்பது அதற்குத் தெரியாது. விலகி ஓடும் திசையும் உங்களுக்கு நல்லது நடக்கும் திசையும் ஒன்றாக இருந்த 8 மாதம் அது உங்களுக்கு நண்பனாக இருந்தது. அவ்வளவுதான். இந்த நிலையில் நான் இன்னும் கொஞ்சம் பயத்தைச் சேர்த்து அனுப்பினால், அடுத்த முறை லேப் இருக்கும் தெருவுக்குள்ளேயே நுழைய மாட்டீர்கள்.

வாசல் வரை போனவர் ஏன் உள்ளே போகவில்லை என்று உங்களையே நீங்கள் கோழை என்று திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அதை முதலில் நிறுத்துங்கள். 1948இல் ஜட்சன் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். எலிக்குச் சின்னக் கச்சை கட்டி, அது எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கிராம் கணக்கில் அளந்தார். ஒரு பாதையின் முனையில் சாப்பாடு கிடைக்கும் என்று சில எலிகளுக்குப் பழக்கினார். அதே முனையில் மின் அதிர்ச்சி வரும் என்று வேறு சில எலிகளுக்குப் பழக்கினார். சாப்பாட்டை நோக்கி இழுத்த எலிகளின் இழுப்பு தூரத்தில் சுமார் 40 கிராம், கிட்டே போனால் 56 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. அதிர்ச்சியிலிருந்து விலகி இழுத்த எலிகளோ, தூரத்தில் இருந்தபோது 2 கிராம் அளவுக்குக்கூடச் சிரமப்பட்டுத்தான் இழுத்தன. கிட்டே இருந்தபோது ஏறக்குறைய 200 கிராம் இழுத்தன.

இந்தக் கணக்கை உங்கள் வண்டியில் ஏற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி படுக்கையில் கிடந்துகொண்டு 'நாளைக்குக் கட்டாயம் ரத்தம் கொடுத்துவிட வேண்டும்' என்று தீர்மானிக்கிறீர்கள். அப்போது லேப் தூரத்தில் இருக்கிறது. ஆசை 40, பயம் 2. அந்தத் தீர்மானத்தில் பொய்யே இல்லை, மனதாரத்தான் எடுக்கிறீர்கள். காலையில் கிளம்புகிறீர்கள். தெரு நெருங்க நெருங்க ஆசை கொஞ்சம் கூடுகிறது, பயம் மடமடவென்று ஏறுகிறது. எங்கேயோ ஓரிடத்தில் இரண்டும் சமமாகி, அதைத் தாண்டியதும் பயத்தின் கை ஓங்கிவிடுகிறது. உங்களுக்கு அந்த இடம் லேப் வாசலாக இருந்திருக்கிறது. மனிதன் எலி இல்லை, மனசைத் தராசில் நிறுத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் பரீட்சை ஹால் வாசல், பல் டாக்டர் நாற்காலி, கடன்காரர் வீட்டுத் திண்ணை என்று எத்தனையோ பேர் எத்தனையோ வாசல்களில் திரும்பிய கதையைக் கேட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் இந்தச் சித்திரம் அப்படியே பொருந்துகிறது.

அப்புறம் அந்தப் பொங்கல். 'என்னமோ அன்றைக்குப் பொங்கல் அவ்வளவு ருசியாக இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். பொங்கல் என்றைக்கும் போலத்தான் இருந்திருக்கும். தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் அன்றைக்கு நெய்யாக ஊறியிருந்தது. தப்பித்தவுடன் வரும் இந்த நிம்மதி ஒரு பரிசு மாதிரி. திரும்பி ஓடினால் இதமாக இருக்கிறது என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அதனால் அடுத்த முறை திரும்புவது இன்னும் சுலபமாகிவிடும். ஒரு வருடம் தள்ளிப்போட்டது இப்படித்தான் ஒவ்வொரு மாதமாகச் சேர்ந்திருக்கும்.

6.8 வந்த பிறகு ஏன் எல்லாம் நின்றது என்பது உங்கள் அடுத்த கேள்வி. துரத்துகிற நாய் நின்றுவிட்டால் யார் ஓடுவார்கள்? 8 மாதம் பயம் உங்களிடம் வேலை வாங்கியது. அந்த வேலை பலித்ததும் பயப்படக் காரணம் இல்லாமல் போனது. பயத்தை மட்டும் நம்பிச் செய்கிற எந்தக் காரியத்திலும் இந்தக் கோளாறு இருக்கிறது: காரியம் நன்றாக நடக்க நடக்க, நடத்துகிற எண்ணெய் வற்றிக்கொண்டே வரும். இன்னொன்றும் உண்டு. பயத்தின் வெற்றியில் கையில் ஒன்றும் கிடைக்காது. 'இன்றைக்கும் காலில் புண் இல்லை' என்பதுதான் அதிகபட்ச வெற்றி. இல்லாத புண்ணை எத்தனை நாள் கொண்டாட முடியும்? டாக்டர் கைகொடுத்த அன்று சந்தோஷப்பட்டீர்களா என்று கேட்டால், 'அப்பாடா என்று இருந்தது' என்றுதான் சொல்வீர்கள் என்று நினைக்கிறேன். அப்பாடா என்றால் உட்கார்ந்துவிடத் தோன்றும். சந்தோஷம் என்றால் இன்னொரு முறை செய்யத் தோன்றும்.

உங்கள் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதைச் செய்திருக்கிறேன். என் அம்மா ரத்த அழுத்த மாத்திரையை அடிக்கடி மறப்பார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த கதையை நான் வாரம் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தேன். படித்தவள், இதே துறையில் இருப்பவள், என் அம்மா என்றதும் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. கொஞ்ச நாளில் அம்மா மாத்திரையை மறப்பதை நிறுத்தவில்லை, என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார். காலி அட்டைகளைக் காட்டி 'சாப்பிட்டேன்' என்பார். நான் அவருக்கு மாத்திரையின் அவசியத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. மகளைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொடுத்திருந்தேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. உங்கள் மனைவியிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அவர் திட்டுவதற்குப் பின்னால் மாமனாரின் காலைக் கழுவி மருந்து போட்ட கைகள் இருக்கின்றன. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கடைசி 3 வருடம் அப்பாவை அவர்தான் பார்த்துக்கொண்டார் என்று. அவருக்கு இருக்கும் பயம் உங்களுடையதை விடப் பெரியது. அதைத் திட்டாக இல்லாமல் வேறு ஒரு வேலையாக மாற்றித் தரவேண்டும். அந்த வேலை என்ன என்று கீழே சொல்கிறேன்.

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும். ஓரளவு வேண்டும், அதற்கென்று ஒரு இடத்தில் வேண்டும். 1965இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தால் என்பவரும் அவருடைய குழுவினரும் டெட்டனஸ் ஊசியை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சில மாணவர்களுக்குப் பயங்கரமான படங்களோடு ஒரு கையேடு. சிலருக்கு மிதமான கையேடு. பயங்கரத்தைப் படித்தவர்கள் 'கட்டாயம் ஊசி போட்டுக்கொள்வோம்' என்று அதிகமாகச் சொன்னார்கள். சொன்னதோடு சரி. எந்தக் கையேடாக இருந்தாலும், அது மட்டும் கிடைத்தவர்களில் போய்ப் போட்டுக்கொண்டவர்கள் 100க்கு சுமார் 3 பேர். கையேட்டோடு, மருத்துவ மையத்தைக் குறித்துக் காட்டிய வளாக வரைபடமும், 'உங்கள் வார அட்டவணையில் எந்த நேரம் போக முடியும் என்று பாருங்கள்' என்ற குறிப்பும் கிடைத்தவர்களில் 100க்கு சுமார் 28 பேர் போனார்கள். அவர்கள் எல்லாம் கடைசி வருட மாணவர்கள், அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள். தெரியாத எதையும் அந்த வரைபடம் சொல்லவில்லை. பயந்து நின்றவருக்குக் காலை எங்கே எடுத்து வைப்பது என்று காட்டியது, அவ்வளவே. உங்களிடமும் கையேடு ஏராளமாக இருக்கிறது, உங்கள் அப்பாவின் கால் வடிவத்தில். வரைபடம்தான் இல்லை.

ஆகவே முதலில் டெஸ்ட். நீங்கள் லேபுக்குப் போகவேண்டாம். கும்பகோணத்தில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிற லேப்கள் இருக்கின்றன. பயம் உட்கார்ந்திருக்கும் அந்த வாசலையே வழியிலிருந்து எடுத்துவிடுவோம். ஆசையைக் கூட்டி 200 கிராம் பயத்தை ஜெயிக்கப் பார்ப்பது வீண் மல்லுக்கட்டு. பயத்தை 50க்கு இறக்கிவிட்டால் இருக்கிற ஆசையே போதும். எச்பிஏ1சி என்கிற அந்த மூன்று மாத சராசரிக்கு வெறும் வயிறு தேவையில்லை. எந்த நேரத்திலும் கொடுக்கலாம், மத்தியானம் கடை சாத்துகிற நேரத்தில்கூட. ரிப்போர்ட்டை உங்கள் போனுக்கு அனுப்பவேண்டாம், நேராக டாக்டருக்கு அனுப்பச் சொல்லுங்கள். நம்பரை முதல் முறை பார்க்கும்போது நீங்கள் தனியாக இருக்கக்கூடாது. அது 9 ஆக இருக்கலாம், 11 ஆகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது இப்போதே உங்கள் ரத்தத்தில் இருக்கிறது, படிப்பதால் கூடாது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். அதனால்தான் அந்த நம்பர் கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கதையைச் சொல்கிறது. 10.4இலிருந்து 6.8க்கு வந்த உடம்பும் இதே உடம்புதான். நிறுத்திய பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். எது, எவ்வளவு என்று டாக்டர் புதிதாகப் பார்த்துச் சொல்லட்டும். ஒரு வருட இடைவெளி விழுந்துவிட்டதால் கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை விட்டதை மறைக்காதீர்கள். திட்டுகிற டாக்டராக இருந்தால், திட்டாத டாக்டரைத் தேடிக்கொள்ளலாம். அதில் தப்பே இல்லை.

இப்போது மூன்றாம் பக்கம். உங்கள் வரிகளை அப்படியே தருகிறேன்: 'அந்த 8 மாதம் பக்கத்துத் தெரு வாத்தியாரோடு மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பேன். அவர் பேச்சில் மூன்று சுற்று போனதே தெரியாது. ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பது நின்றது. கடையில் பரணிலிருந்து அண்டாவை நானே ஏறி இறக்குவேன், பையனைக் கூப்பிட மாட்டேன். அதெல்லாம் ஒரு காலம்.'

ஐயா, நான்கு பக்கத்தில் இங்கே மட்டும்தான் நீங்கள் ஆசைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்துகூட மாறியிருக்கிறது, எழுத்து கொஞ்சம் பெரிதாகி வரி நேராகப் போகிறது. பயம் உங்களை நடக்க வைத்த அதே நாட்களில், உங்களுக்குத் தெரியாமலே ஓர் ஆசை முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது. வாத்தியாரின் பேச்சு. முழு ராத்திரித் தூக்கம். அண்டாவைத் தூக்கும் தோள். நீங்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றவில்லை, ஏனென்றால் நடப்பது காலைக் காப்பாற்றிக்கொள்ள என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தீர்கள். கால் தப்பித்ததும் நடையும் போனது, நடையோடு வாத்தியாரும் போய்விட்டார்.

ஆசையைப் பற்றி உயர்வாகப் பேசிவிட்டு அதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறவள் ஆவேன். நாலு மணிக்குக் கடைக்கு வரும் சர்க்கரை போட்ட டிகிரி காபியும் ஆசைதான். ஆசைகளுக்குள்ளே கிட்டத்தில் இருப்பதுதான் ஜெயிக்கும். 2028 மகாமகத்துக்கு நல்ல காலோடு குளத்தில் இறங்கவேண்டும் என்று ஆசைப்படுங்கள் என்று நான் எழுதலாம். கேட்க அழகாக இருக்கும். ஆனால் 2028 உங்களைக் காலை ஆறு மணிக்கு எழுப்பாது. வாத்தியார் கீழே நின்று குரல் கொடுத்தால் எழுப்பும். இன்னொன்று: ஒன்றை வேண்டுவதும் அதில் ருசி காண்பதும் மூளையில் வேறு வேறு வேலைகள் என்று கென்ட் பெரிட்ஜ் என்ற ஆய்வாளர் பல வருடங்களாகக் காட்டிவருகிறார். வேண்டும் என்ற உந்துதலைத் தரும் மூளை ரசாயனமான டோபமைன் வற்றிப்போன எலி, வாயில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் ருசித்து நக்குகிறது, ஆனால் தானாகப் போய்த் தேடாது. இதன் எதிர்ப்பக்கமும் நம்மிடம் உண்டு, ருசி போன பிறகும் கை நீளும். நாளைக்கு அந்தக் காபியைக் குடிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதல் வாய் எப்படி இருந்தது, நாலாவது வாய் எப்படி இருந்தது? நிறுத்தச் சொல்லவில்லை, கவனிக்கத்தான் சொல்கிறேன். கவனித்த பிறகு டபராவில் பாதியை வைத்துவிட்டு எழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடவே காபி கொண்டுவரும் பையனிடம் 'நாளையிலிருந்து சர்க்கரை இல்லாமல்' என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். நாலு மணிக்குச் சொல்ல வாய் வராது.

நடையில் எத்தனை சுற்று, எத்தனை நிமிஷம் என்று இப்போது எண்ணவேண்டாம். டாக்டர் காலைப் பார்த்து நடக்கலாம் என்று சொல்லட்டும். சொன்னதும் முதல் மாதம் ஒரே ஒரு சுற்று போங்கள். பேச்சு முடியாவிட்டால் இன்னொரு சுற்று. வீட்டில் ஒரு காலண்டர் மாட்டி, நடந்த நாளில் சர்க்கரை அளவை எழுதாதீர்கள். அன்றைக்கு வாத்தியார் சொன்னதில் எது மனதில் நின்றதோ அதை ஒரு வரி எழுதுங்கள். இது உங்களுக்கு விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் நடந்ததற்குக் கையில் ஏதாவது கிடைக்கவேண்டும், அது அன்றைக்கே கிடைக்கவேண்டும்.

பயத்துக்கு ஒரு இடம் என்று சொன்னேனே, அது ராத்திரி படுக்கும் முன் 2 நிமிஷம். உங்கள் மனைவிக்கான வேலையும் அதுதான். காலைத் துடைத்து, விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால் எல்லாம் அவர் பார்க்கட்டும். சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனால் ஆணி குத்தினாலும் தெரியாது, கண்தான் பார்க்கவேண்டும். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, நீர் வடிதல் இருந்தால் மறுநாள் காலையே டாக்டர். தோல் கறுத்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சலோடு கால் வீங்கினாலோ மறுநாள் வரைகூடக் காத்திருக்கக் கூடாது, அந்த ராத்திரியே கிளம்புங்கள். ஒன்றும் இல்லையென்றால் அன்றைய பயம் அந்த 2 நிமிஷத்தோடு முடிந்தது. அப்பாவின் கால் பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் வேண்டாம் என்று அவரிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். மாமனாருக்குச் செய்த அதே கைகளால் இதைச் செய்யும்போது, அவருக்கும் திட்டத் தோன்றாது என்று நம்புகிறேன்.

குளத்தைச் சுற்றி வெறுங்காலோடு நடப்பதாக எழுதியிருந்தீர்கள். அது இனி வேண்டாம். முன்பக்கம் மூடிய, மெத்தென்ற செருப்பு ஒன்று வாங்குங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது கால் சற்று வீங்கியிருக்கும், சரியான அளவு தெரியும். தினமும் போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல் கிடக்கும்.

இதைப் படித்து முடித்ததும் இரண்டு போன் செய்யவேண்டும். முதலில் வாத்தியாருக்கு. ஒரு வருடமாகப் பேசவில்லையே என்று தயங்காதீர்கள். அவரும் இப்போது தனியாகத்தான் நடந்துகொண்டிருப்பார், அல்லது நடப்பதையே விட்டிருப்பார். நாளை மறுநாள் மத்தியானம் ரத்தம் எடுக்க வீட்டுக்கு ஆள் வருகிறார், நீங்களும் வந்து உட்காருங்கள் என்று அவரைக் கூப்பிடுங்கள். அவர் சரி என்றதும் லேபுக்கு.